எக்ஸ்டென்ட்டும் ஏரியாவும்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வா. (திங்கள், காலை)

நண்பர்களுக்கு வணக்கம்.

அவசரம், நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். துருவக் கடல்களில் மிதக்கும் பனிக்கட்டியைச் செயற்கைக்கோள் வழியாக எப்படி அளக்கிறார்கள் என்று மாணவர்களுக்காக எழுதப்பட்ட சின்ன நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்பியாக வேண்டும். 12ஆம் பக்கம் வரை வண்டி நன்றாகவே ஓடியது. ஆங்கிலத்தில் எக்ஸ்டென்ட் (extent) வந்த இடத்திலும் 'பரப்பு', ஏரியா (area) வந்த இடத்திலும் 'பரப்பு' என்று எனக்கே தெரியாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். 13ஆம் பக்கத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டன. என் கோப்பில் இப்போது இப்படி இருக்கிறது: "கடற்பனியின் பரப்பு எப்போதும் அதன் பரப்பைவிட அதிகமாகவே இருக்கும்."

சிரித்து முடித்தவர்கள் உதவலாம். அதே பக்கத்தில் ஒரு வரைபடம், அதில் இரண்டு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் அதன் பெயர் வர வேண்டும், பதினைந்து எழுத்துக்கு மேல் இடமில்லை. 'பரப்பளவு' ஏரியாவுக்குப் போகட்டும், பள்ளிக் கணக்கில் அதுதான் பழக்கம். மற்றதற்கு என்ன சொல்வது?

வா.

சே. (திங்கள், காலை)

வா. அக்கா, சொல்லைத் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் இந்த இழை வழக்கம்போல் கல்தோன்றி மண்தோன்றாக் காலத்துக்குப் போய்விடும்.

துருவத்தில் பாதி ஆண்டு இருட்டு, மீதிப் பாதியில் மேகம். சாதாரணப் படம் எடுத்துப் பயனில்லை. அதனால்தான் நுண்ணலை (மைக்ரோவேவ்). எல்லாப் பொருளும் கொஞ்சம் நுண்ணலையை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. 19 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தால் கடல்நீர் மங்கலாகவும் பனிக்கட்டி பளிச்சென்றும் தெரியும். உண்மையில் நீர்தான் பனிக்கட்டியைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு, ஆனாலும் அப்படித்தான். இந்த வேறுபாட்டை வைத்துக் கடலை 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை விழுக்காடு பனிக்கட்டி என்று கணக்கிடுகிறார்கள். 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் மேலே போனதிலிருந்து, கருவிகள் மாறினாலும், இந்தக் கணக்கு நடக்கிறது.

இப்போது ஐந்து கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 100 விழுக்காடு பனி, அடுத்ததில் 80, அப்புறம் 40, அப்புறம் 20, கடைசியில் 10. ஒரு கட்டம் 625 சதுர கிமீ. எக்ஸ்டென்ட் கணக்கில் 15 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள கட்டம் முழுதாகச் சேரும், அதற்குக் கீழே என்றால் சுத்தமாகச் சேராது. ஆக நான்கு கட்டம், 2500 சதுர கிமீ. ஏரியா கணக்கில் அதே நான்கு கட்டங்களில் உண்மையில் பனி இருக்கும் பங்கை மட்டும் கூட்டுவார்கள்: 1500. இடையில் உள்ள ஆயிரமும் நடுநடுவே திறந்து கிடக்கும் தண்ணீர்.

அக்கா எழுதிய வாக்கியம் அறிவியல்படி சரிதான், தமிழ்ப்படிதான் தவறு.

சே.

கோ. (திங்கள், மதியம்)

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "இருபது விழுக்காடு பனி இருந்தால் முழுக் கட்டத்தையும் பனி என்று எழுதுவது பொய்க்கணக்கு இல்லையா சார்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. சே., நீங்கள் சொல்லுங்கள், ஏரியாவே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்போது எதற்காக அந்த இன்னொன்று?

சொல்லுக்கு என் பரிந்துரை 'விரிவு'. எளிமை.

கோ.

சே. (திங்கள், மதியம்)

நல்ல கேள்வி, அந்த மாணவிக்கு என் வணக்கம். கோடையில் பனிக்கட்டியின் மேலேயே உருகி நீர் குட்டைகுட்டையாகத் தேங்கும். நுண்ணலைக் கருவிக்கு அந்தக் குட்டையும் கடல்தான், அடியில் இரண்டு மீட்டர் பனிக்கட்டி இருந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் 90 விழுக்காடு உள்ள கட்டம் 60 என்று பதிவாகலாம். ஏரியா அந்த அளவுக்குக் குறைந்துவிடும். எக்ஸ்டென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, 60 ஆனாலும் 15க்கு மேல்தானே. துல்லியம் குறைந்த கணக்குதான் கோடையில் நம்பகமான கணக்கு. நீண்ட காலப் போக்கைப் பேசுபவர்கள் இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

'விரிவு' வேண்டாம். "கடற்பனி விரிவு குறைந்தது" என்று ஒரு தலைப்பு வந்தால் என்ன புரியும்? பனி விரிந்துகொண்டே போகிறது, வேகம் மட்டும் குறைந்திருக்கிறது என்றுதான். 2012 செப்டம்பரில் ஆர்க்டிக்கில் சுமார் 34 லட்சம் சதுர கிமீ என்று, செயற்கைக்கோள் பதிவிலேயே மிகக் குறைவாக இறங்கியது. அதைப் போய் இந்தச் சொல்லால் சொன்னால் விபரீதம். 'பரவல்' என்று யாரும் சொல்வதற்கு முன்னால் அதற்கும் இதே பதில்.

சே.

மு. (திங்கள், மாலை)

அன்பர்களே,

பரவலைக் கேட்பதற்கு முன்பே அடித்துவிட்டார் தம்பி சே. இருந்தாலும் பர என்னும் வேரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. பர, பரவு, பரப்பு, பரவை. பரவை என்றாலே கடல். உழுத வயலைச் சமப்படுத்தும் பரம்பும் அந்த வேர்தான். உலகைக் குறிக்கும் பார் என்பதையும் இதனோடு சேர்ப்பேன், மறுப்பவர்கள் மறுக்கட்டும். கடலும் பரப்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

என் பரிந்துரை 'வியல்'. "வியல் என் கிளவி அகலப் பொருட்டே" என்று தொல்காப்பியம் உரியியலில் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறது. வள்ளுவர் ஒரே அடியில் விரிநீர் என்று கடலையும் வியனுலகம் என்று அகன்ற உலகையும் வைத்தார். விரி வேறு, வியல் வேறு என்ற நுட்பம் அங்கேயே இருக்கிறது. விரிதல் செயல், வியல் நிலை. தம்பி சொன்ன குழப்பம் வியலுக்கு வராது. ஆகவே 'பனிவியல்'. ஐந்தே எழுத்து. வரைபடத்தில் இடம் மிச்சம்.

கூடவே ஒன்று. நூலின் தலைப்பில் 'துருவம்' எதற்கு? வடமுனை, தென்முனை இருக்கின்றனவே.

மு.

கோ. (திங்கள், இரவு)

ஐயா, வணக்கத்துடன் ஒரு சந்தேகம். அறிவியல், உளவியல், வாழ்வியல், இந்த வரிசையில் 'பனிவியல்' வந்தால் என் மாணவர்கள் அதைப் பனியைப் பற்றிய படிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "செப்டம்பரில் பனிவியல் 34 லட்சம் சதுர கிமீ" என்றால் ஒரு துறையையே சதுர கிலோமீட்டரில் அளந்த மாதிரி ஆகிவிடும்.

கோ.

மு. (திங்கள், இரவு)

அது புணர்ச்சி தெரியாதவர்களின் குழப்பம். "இ ஈ ஐவழி யவ்வும்" என்றார் நன்னூலார். பனி என்பது இகர ஈறு. அதோடு இயல் சேர்ந்தால் யகர உடம்படுமெய் வந்து பனியியல் என்றுதான் ஆகும். வகரம் வர வழியே இல்லை. ஆகவே பனிவியல் என்று எழுதியிருந்தால் அது பனி + வியல் மட்டுமே. இலக்கணமே காவல் நிற்கிறது.

மு.

நி. (திங்கள், இரவு)

இலக்கணம் காவல் நிற்கட்டும் ஐயா, வாசகர் எந்த வாசல் வழியாக வருவார் என்பது வேறு கதை.

எனக்கு இதில் ஒரே கருத்துதான், பழைய இழைகளிலும் இதையேதான் சொன்னேன். 'எக்ஸ்டென்ட்' என்றே எழுதிவிடலாம். ஆங்கிலத்துக்காரர் மட்டும் என்ன எல்லாவற்றையும் ஆங்கிலத்திலா வைத்திருக்கிறார்? உறைந்த கடலுக்கு நடுவே திறந்து கிடக்கும் நீர்ப்பரப்புக்குப் பொலின்யா என்று ரஷ்ய மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். புதிதாக உறைந்து அலைக்கேற்ப வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடு போன்ற பனிக்கு நிலாஸ், அதுவும் ரஷ்யம். யாரும் வேர் தோண்டவில்லை. அந்தப் பனியைப் பார்த்துப் பழகியவர்களிடம் சொல் இருந்தது, வாங்கிக்கொண்டார்கள். இனுயிட் மக்கள் கடற்பனியைச் சிகு என்கிறார்கள், இரண்டே எழுத்து. அதையாவது எடுங்களேன்.

நி.

வா. (செவ்வாய், காலை)

நி., பொலின்யாவை ஏற்கெனவே அப்படியேதான் வைத்திருக்கிறேன், அதில் சண்டையில்லை. அது ஒரு பொருளின் பெயர். ஆனால் எக்ஸ்டென்ட் ஒரு கணக்கின் பெயர். பக்கத்தில் இருக்கும் கோடு 'பரப்பளவு' என்று தமிழில் இருக்க, இது மட்டும் எக்ஸ்டென்ட் என்று நின்றால், ஒன்று வீட்டு ஆள் மற்றது விருந்தாளி என்று படும். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரிய வேண்டும்.

மு. ஐயா, பனிவியல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நூலின் முதல் பக்கத்திலேயே 'அறிவியல்' நான்கு முறை வருகிறது.

வேறு ஏதாவது?

வா.

கோ. (செவ்வாய், மதியம்)

'வளைபரப்பு'. வெளி ஓரத்தைச் சுற்றி வளைத்தால் உள்ளே அடங்கும் பரப்பு. ஊர்ப்பேச்சில் இடத்தை வளைத்துப்போடுவது என்கிறோமே, அதே. பனி கடலை வளைத்துப்போட்ட இடம். நடுவில் இருக்கும் தண்ணீரும் அவன் கணக்கில்தான்.

சொல்லிவிட்டு நானே மறுக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் உருளைக்கும் கூம்புக்கும் வளைபரப்பு என்று ஏற்கெனவே இருக்கிறது. கடற்பனியை உருளையாகக் கற்பனை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். போகட்டும், எழுதியதை அழிக்க மனசில்லை.

கோ.

நி. (செவ்வாய், மதியம்)

இதுவரை வந்ததில் அதுதான் உயிருள்ள சொல். கணக்குப் புத்தகம் முந்திக்கொண்டது.

நி.

வா. (செவ்வாய், இரவு)

இன்னொரு தொல்லை வந்திருக்கிறது, இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 17ஆம் பக்கத்தில் போல் ஹோல். செயற்கைக்கோள் துருவத்துக்கு நேர் மேலே போவதில்லை, சற்றுச் சாய்ந்த பாதையில் சுற்றுகிறது, அதனால் உச்சியில் ஒரு வட்டம் கருவியின் பார்வைக்குள் வருவதேயில்லை. நான் 'துருவத் துளை' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி ஒருத்தி "ஓ, ஓசோன் துளையா?" என்று கேட்டாள். இன்னொருவர் பனியிலேயே ஓட்டை விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வா.

மு. (செவ்வாய், இரவு)

'காணாவட்டம்'. காணா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கருவி காணாத வட்டம். துளை அங்கே இல்லை, பார்வைதான் இல்லை.

மு.

சே. (செவ்வாய், இரவு)

ஐயா, இதற்கு ஒரு சபாஷ். மாற்றுக் கருத்தே இல்லை. எனக்கு இது பொறாமையாகக்கூட இருக்கிறது.

அக்கா, அந்தப் பக்கத்தில் இதையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள். நிம்பஸ்-7 காலத்தில் அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 610 கிமீ. 1987இல் அடுத்த கருவி வந்ததும் 310 ஆனது, பிறகு வந்த கருவியில் 94. அமெரிக்கப் பனித் தரவு மையத்தின் கணக்கில், காணாவட்டத்துக்குள் பனி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எக்ஸ்டென்ட்டில் அதை முழுதாகச் சேர்த்துவிடுகிறார்கள், ஏரியாவில் சேர்ப்பதில்லை. அதனால் வட்டம் சுருங்கியபோது ஏரியா கோட்டில் மட்டும் ஒரு குதி வரும். பனி கூடவில்லை, பார்வை கூடியது. வரைபடத்தைப் பார்க்கும் பிள்ளை கட்டாயம் கேட்கும்.

சே.

கோ. (புதன், காலை)

காணாவட்டம் இரண்டே மடலில் முடிந்ததைப் பார்த்தீர்களா? கிண்டலுக்குச் சொல்லவில்லை. அதில் பொருள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, சொல் தானாக வந்தது. எக்ஸ்டென்ட்டில் நாம் அகலம், விரிவு என்று ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுகிறோம். ஆங்கிலச் சொல்லிலேயே அந்த 15 விழுக்காடு இல்லையே. அவர்களும் ஏதோ ஒன்றை எடுத்து வரையறை கொடுத்து வைத்தார்கள். நமக்கு வேண்டியதும் பரப்பளவோடு முட்டாத ஏதோ ஒன்றுதான்.

பனிக்குத் தமிழில் இயல்பாக என்ன வினை வருகிறது? பனி பெய்யும், பனி கொட்டும், பனி மூடும், பனி படரும். 'பனி படர்ந்த மலை' என்று யோசிக்காமல் எழுதுகிறோம். கொடி படர்ந்த பந்தலில் ஓட்டை இருக்கும், ஆனாலும் பந்தல் முழுதும் கொடி படர்ந்திருக்கிறது என்போம். இலைக்கு நடுவே தெரியும் வானத்தைக் கழித்துக்கொண்டிருக்க மாட்டோம். அப்படியே எக்ஸ்டென்ட்! 'படர்பரப்பு'. பரப்பளவுக்கு அண்ணன் மாதிரியும் இருக்கிறது.

கோ.

சே. (புதன், காலை)

பந்தல் உவமை பிடித்திருக்கிறது. "படர்பரப்பு குறைந்தது" என்றால் குழப்பமும் இல்லை, பரப்பு என்ற பெயர்ச்சொல் கடைசியில் நின்று காப்பாற்றுகிறது. என் வாக்கு இதற்கே.

சே.

மு. (புதன், மதியம்)

படர் என்பதை எடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். "படரே உள்ளல் செலவும் ஆகும்" என்பது தொல்காப்பிய நூற்பா. உள்ளல் என்றால் நினைத்தல். அங்கிருந்து நினைந்து வருந்தும் துன்பத்துக்குப் போகிறது. குறளில் படர்மெலிந்திரங்கல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, பிரிவுத்துயர் தாங்காமல் புலம்புவது. போதாக்குறைக்குப் பனித்தல் என்றால் நடுங்குதல். 'பனிப்படர்பரப்பு' என்று எழுதினால் பழந்தமிழ் படித்தவன் காதில் "நடுங்கித் துன்புறும் பரப்பு" என்று விழும்.

வினை வேண்டும் என்றால் படு இருக்கிறது. இமயத்தை வடவெல்லையாகச் சொல்லும் புறநானூற்று அடி, "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்". பனி தங்கிய, பனி பொருந்திய மலை. 'பனிபடு பரப்பு' என்று வையுங்கள். வினைத்தொகை. பட்ட, படுகின்ற, படும் என மூன்று காலமும் உள்ளே அடக்கம். குளிர்காலத்தில் உறைந்து கோடையில் உருகி மறுபடியும் உறையும் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை ஏது?

மு.

நி. (புதன், மதியம்)

ஐயா, படர்பரப்பும் வினைத்தொகைதானே? அதற்கு மட்டும் மூன்று காலமும் கிடையாதா?

நடுங்கித் துன்புறும் பரப்பு என்றால் நான் உடனே ஓட்டுப் போடுகிறேன். 2023 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவைச் சுற்றி 18 லட்சம் சதுர கிமீக்கும் கீழே போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சரியாகவே படும்.

'பனிபடு' என்று சின்னப் பையன் படித்தால் 'படு' தனியாக நிற்கும். படு மோசம், படுத்துத் தூங்கு, இந்த இரண்டும்தான் அவனுக்குத் தெரியும்.

நி.

வா. (புதன், இரவு)

எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது. அதுதான் கஷ்டம். பனிபடு பரப்பில் ஒரு நிறைவு இருக்கிறது, ஆனால் வாக்கியத்துக்குள் வைத்துப் பார்த்தேன்: "ஆர்க்டிக்கின் பனிபடு பரப்பு மார்ச்சில் உச்சத்தைத் தொடும்." இதைப் படிப்பவர் பனி இருக்கிற இடம் என்று பொதுவாக எடுத்துக்கொண்டு போய்விடுவார், இது ஒரு கலைச்சொல், இதற்கு வரையறை இருக்கிறது என்று தோன்றாது. படர்பரப்பு கொஞ்சம் புதிதாக உறுத்துகிறது. அந்த உறுத்தல் எனக்கு உதவும். கடற்பனிப் படர்பரப்பு, எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று எழுத்து. இடம் போதும்.

ஒரு கட்டத்தில் எத்தனை விழுக்காடு பனி என்பதைக் குறிக்கும் கான்சன்ட்ரேஷனுக்குச் 'செறிவு' என்றே வைத்துவிட்டேன், கரைசலை நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்.

வா.

சே. (புதன், இரவு)

முடிந்தது என்றால் நான் ஒன்று கிளப்புகிறேன், மன்னிக்கவும். 'கடற்பனி'யே சரிதானா? நமக்குப் பனி என்றால் காலையில் புல்லில் நிற்பதும், காற்றில் மூடுவதும், வானத்திலிருந்து கொட்டுவதும், உறைந்து கல்லாகக் கிடப்பதும் எல்லாம். படர்பரப்பை அளக்கும்வரை தொல்லையில்லை. தடிமனுக்குப் போனதும் மாட்டிக்கொள்வீர்கள்.

தடிமனை நேரடியாக அளக்க முடியாது. நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துப் பெருக்குகிறார்கள், ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருப்பதால் மேலே பத்து சென்டிமீட்டர் தவறினால் தடிமன் ஒரு மீட்டர் தவறிவிடும். 2018இல் போன ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் லேசர் ஒளியை அனுப்புகிறது, அது பனிக்கட்டியின் மேல் கிடக்கும் வெண்பனியின் மேல்தளத்தில் பட்டுத் திரும்புகிறது. 2010இல் போன கிரையோசாட்-2 செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்புகிறது, அது வெண்பனியை ஊடுருவிப் பனிக்கட்டியின் தளம் வரை போய்த் திரும்புவதாக எடுத்துக்கொள்கிறார்கள். 2020இல் கிரையோசாட்-2இன் பாதையைச் சற்று உயர்த்தி இரண்டும் ஒரே இடத்தைச் சில மணிநேர இடைவெளியில் பார்க்கும்படி செய்தார்கள். இரண்டு உயரத்துக்கும் உள்ள வேறுபாடு, மேலே கிடக்கும் அந்த...

அந்த என்ன? பனியின் மேலே கிடக்கும் பனியின் உயரம்.

சே.

வா. (வியாழன், காலை)

31ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "பனியின் மேல் உள்ள பனியின் ஆழம் தெரிந்தால்தான் பனியின் தடிமன் தெரியும்." என் கையால் எழுதியது. சே., உன்னை நன்றி சொல்லித் திட்டுகிறேன்.

நூல் முழுதும் விழுவது வெண்பனி, மிதப்பது பனிக்கட்டி என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன், 200 இடம் இருக்கும். கடற்பனி மட்டும் கடற்பனியாகவே போகும், 'கடற்பனிக்கட்டிப் படர்பரப்பு' வரைபடத்தை விட்டு வெளியே ஓடுகிறது.

அந்த நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரத்துக்கு மட்டும் ஒரு சொல்?

வா.

மு. (வியாழன், மதியம்)

'உறைகடல்' என்று ஆரம்பத்திலேயே வைத்திருந்தால் இந்தப் பனித் தொல்லையே வந்திருக்காது. உறைகடற்பரப்பு. யோசியுங்கள்.

மற்றதற்கு 'நீர்மேல் உயரம்' என்றே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் வேண்டியதில்லை. இதைச் சொல்வது நீங்கள்தானா என்று நி. கேட்பார், கேட்கட்டும்.

மு.

கோ. (வியாழன், மதியம்)

உறைகடல் நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் உறைதல் என்றால் தங்குதலும்தானே. "உறைகடல்" என்றதும் எனக்கு யாரோ அங்கே குடியிருக்கிற மாதிரி...

கோ.

மு. (வியாழன், மாலை)

கரடி குடியிருக்கிறதே.

மு.

வா. (வெள்ளி, மாலை)

கோப்பு போய்விட்டது. பரப்பளவு, படர்பரப்பு, செறிவு, காணாவட்டம், நீர்மேல் உயரம். படர்பரப்புக்கு மூன்று வாக்கு, பனிபடு பரப்புக்கு ஒன்று, நி.யின் வாக்கு இன்னும் எக்ஸ்டென்ட்டுக்கா நடுங்கித் துன்புறும் பரப்புக்கா என்று தெரியவில்லை. 13ஆம் பக்கம் இப்போது இப்படி: "கடற்பனியின் படர்பரப்பு எப்போதும் அதன் பரப்பளவைவிட அதிகமாகவே இருக்கும்." அடியில் ஐந்து கட்டங்களையும் சிறு படமாக வரைந்து சேர்த்துவிட்டேன், நான்காவது கட்டத்தில் இருபது விழுக்காடு மட்டும் நிழல். கோ. சொன்ன மாணவிக்காக.

வா.

மு. (வெள்ளி, இரவு)

மகிழ்ச்சி. என் மாற்றுக் கருத்தைப் பதிவில் வைக்கவும். இரண்டாம் பதிப்பு வந்தால் 'வியல்' பற்றி மீண்டும் எழுதுவேன்.

துருவம் என்பதை மாற்றினீர்களா?

மு.